எவர்சில்வர் தட்டும் ஃப்ரிட்ஜ் அட்டையும்: வான்கோழி வேட்டைக்கு ஷாட்கன் பரவலைச் சரிபார்ப்பது

முதல் வருடம் நான் தவறவிட்ட வான்கோழிச் சேவல் 22 கஜத்தில் நின்றது. அப்புறம் போய் அளந்தேன், அதனால் சந்தேகமில்லை. மிசூரி மாநிலம், ஏப்ரல் கடைசி, பொழுது விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்காலில் துப்பாக்கியைத் தாங்கி உட்கார்ந்திருந்தேன். சேவல் கழுத்தை நீட்டி நேராக என் பக்கம் பார்த்தது. குழல் நுனியில் இருக்கும் மணியை அதன் தலையில் பொருத்தி விசையை இழுத்தேன். சத்தம் ஓய்ந்தபோது அது புதருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஓர் இறகுகூட இல்லை.

எனக்கு வேட்டை பழக்கிவிட்ட பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “காகிதத்தில் சுட்டுப் பார்த்தாயா?” பார்க்கவில்லை. பெட்டியில் வான்கோழிப் படம் போட்ட தோட்டாவாகப் பார்த்து வாங்கி வந்திருந்தேன். என் முன்னேற்பாடு அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை, ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து அவருடைய பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு சுடுதளத்துக்குப் போனோம். அதே 22 கஜம், அதே துப்பாக்கி, அதே தோட்டா. நான் குறி வைத்த புள்ளிக்கு ஆறு அங்குலம் மேலே, நான்கு அங்குலம் வலப்பக்கம் தள்ளி ரவை மொத்தமும் குவிந்திருந்தது. புள்ளியைச் சுற்றி இரண்டே இரண்டு ஓட்டை. (ரவை என்று நான் சொல்வது தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகளை. உப்புமா வேறு விஷயம்.)

அன்றைக்குத் தொடங்கிய பழக்கம் இது. வருடா வருடம் மார்ச் மாதத்தில் ஒரு நாள் இதற்கென்றே ஒதுக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் புதிதாக வேட்டைக்குப் போக நினைப்பவர்கள் துப்பாக்கி வாங்கிய கையோடு இதைச் செய்துவிடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வார்த்தை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாகக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். உரிமம் முதலில், மற்றதெல்லாம் பிறகு.

வாத்து வேட்டையில் பறக்கிற பறவையை நோக்கி ரவையை விரித்து வீசுகிறோம். வான்கோழி தரையில் நிற்கும். அதன் உடம்பில் சுட்டால் அடுக்கடுக்கான இறகும் தடித்த நெஞ்சுத் தசையும் ரவையை வாங்கிக்கொள்ளும். காயத்தோடு ஓடி எங்கோ போய்ச் சாகும். சுட வேண்டியது தலையும் கழுத்தும்தான். அதிலும் மூளையோ கழுத்தெலும்போ அடிபட்டால்தான் நின்ற இடத்திலேயே விழும். அந்த இலக்கு உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு மேல் அதிகம் இராது. அதனால் ரவை நெருக்கமாக, நடுவில் வெற்றிடம் விழாமல் பரவ வேண்டும். ஷாட்கன் பரவலை அளக்கும் பழைய கணக்கு 40 கஜத்தில் 30 அங்குல வட்டம். அதில் 70 சதவீத ரவை விழுந்தால் அது ஃபுல் சோக் (சோக் என்பது குழல் வாயில் உள்ள குறுகல்). வான்கோழிக்காரர்கள் பார்ப்பது 10 அங்குல வட்டம். அதற்குள் 100 ரவையாவது விழ வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லும் அளவு. நானும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பத்து அங்குல வட்டம் வரைய என்னிடம் இருப்பது அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டு. டேப் வைத்து அளந்தேன், விளிம்போடு விளிம்பு சரியாகப் பத்து. சுட்ட காகிதத்தில் ஓட்டைகள் மிக அடர்த்தியாக இருக்கும் இடத்தில் தட்டைக் கவிழ்த்துச் சுற்றிலும் மார்க்கரால் கோடு போடுவேன். ஈயத்தூசி பட்ட தட்டு அடுக்களைக்குள் வரக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். சரியான உத்தரவுதான், இப்போது அது கராஜில் ஆணியில் தொங்குகிறது. எண்ணி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

காகிதம் பெரிதாக இருக்க வேண்டும், மூன்றடிக்கு மூன்றடியாவது. சின்னத் தாளில் சுட்டால் குவியல் எங்கே போனது என்றே தெரியாது. ஹார்ட்வேர் கடையில் பெயிண்ட் அடிக்கும்போது தரையில் விரிக்கப் பழுப்புக் காகிதம் சுருளாக விற்கிறார்கள். ஒரு சுருள் பல வருடம் வரும். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்புப் புள்ளி. ஓரத்தில் தேதி, தூரம், சோக், தோட்டா எல்லாவற்றையும் சுடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஐந்து தாள் கையில் சேர்ந்த பிறகு எது எதுவென்று குழம்புவது நிச்சயம். பின்னால் மண்மேடு, காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, தாளை மாற்றப் போகும்போது துப்பாக்கி காலி. இதில் சலுகை கிடையாது.

முதல் வேலை, துப்பாக்கி எங்கே சுடுகிறது என்று பார்ப்பது. இதற்கு விலை உயர்ந்த வான்கோழித் தோட்டா வேண்டாம். விளையாட்டாக வானில் எறிகிற களிமண் தட்டைச் சுடும் மலிவான தோட்டாவே போதும், தோளும் பிழைக்கும். மேசையில் மணல்மூட்டை வைத்து அதன்மேல் துப்பாக்கியைத் தாங்கி, 25 கஜத்தில் மூன்று முறை சுடுங்கள். புள்ளி வழியாக நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு போட்டு நான்கு கட்டமாக்கி ஒவ்வொன்றிலும் எண்ணினால் குவியல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

என் துப்பாக்கி மேலே சுட்டதற்கும் வலப்பக்கம் சுட்டதற்கும் காரணம் வேறு வேறு. மேலே போனது என் தப்பு. நுனியில் மணி மட்டும் இருக்கிற ஷாட்கன்னில் பின்குறி என்று தனியாக எதுவும் இல்லை. உங்கள் கண்தான் பின்குறி. சேவலை நன்றாகப் பார்க்கும் ஆசையில் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து கால் அங்குலம் போலத் தூக்கியிருக்கிறேன், குழலும் அதற்கேற்ப மேலே பார்த்திருக்கிறது. மேசையில் கன்னத்தை அழுத்தி வைத்துச் சுட்டதும் அந்த ஆறு அங்குலம் காணாமல் போனது. வலப்பக்க நான்கு அங்குலம் போகவில்லை. பெரியவர் சுட்டபோதும் அங்கேதான் போனது. அது துப்பாக்கியின் குணம். இப்படி இருந்தால் ஒரு ரெட் டாட் குறிக்கருவி (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி தெரியும், அதை இலக்கில் வைத்துச் சுடலாம்) பொருத்திக்கொள்வது உத்தமம். பெரும்பாலும் அதன் திருகில் ஒரு கிளிக் என்பது 100 கஜத்தில் ஓர் அங்குலம் நகர்த்தும். அப்படியானால் 25 கஜத்தில் ஓர் அங்குலத்துக்கு நான்கு கிளிக், நான்கு அங்குலத்துக்குப் பதினாறு கிளிக் இடப்பக்கம். கன்னத்தைத் தூக்கும் என் கெட்ட பழக்கத்துக்கும் அது பெருமளவு மருந்தானது.

இது முடிந்த பிறகுதான் சோக். குழல் வாயில் திருகுகிற இந்தக் குறுகல் குழாய் ரவை எவ்வளவு இறுக்கமாக வெளியேறும் என்பதைத் தீர்மானிக்கிறது. 12 கேஜ் என்கிற அளவுக் குழலின் உள்விட்டம் சுமார் 0.73 அங்குலம். சாதாரண ஃபுல் சோக் அதை 0.695 அளவுக்குக் குறுக்கும். வான்கோழிக்கென்று விற்பவை 0.67, 0.66, 0.64 என்று இன்னும் இறுக்கிக்கொண்டே போகும். இறுக்கினால் இறுக்கின அளவுக்கு நல்லது என்று நினைத்து நான் எடுத்த எடுப்பில் 0.64 வாங்கினேன்.

என் தோட்டாவில் 5ஆம் எண் ஈய ரவை, ஒன்றே முக்கால் அவுன்ஸ், எண்ணிக்கையில் ஏறத்தாழ 300. துப்பாக்கியோடு வந்த ஃபுல் சோக்கில் 40 கஜத்தில் தட்டு வட்டத்துக்குள் 71, 64, 69 விழுந்தன. 0.64இல் 92, 70, 84. கூடியிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஒரு தாளுக்கும் இன்னொரு தாளுக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்றில் வட்டத்துக்குள் என் முஷ்டி நுழையும் அளவுக்கு வெற்றிடம். பெரியவர் தன் 0.66ஐக் கழற்றிக் கொடுத்தார். 103, 111, 98. மூன்றும் ஒரே மாதிரி, எங்கும் வெற்றிடம் இல்லை. ஈயம் மென்மையான உலோகம். அளவுக்கு மீறி நெருக்கினால் ரவைகள் ஒன்றோடொன்று நசுங்கிக் கோணலாகும். கோணலான ரவை நேராகப் பறக்காது. எந்த இடத்தில் அந்த எல்லை என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி, தோட்டாவுக்குத் தோட்டா மாறும். பெரியவரின் துப்பாக்கிக்கு என் தோட்டா ஒத்தே வரவில்லை. அதனால் யாராவது “இந்த சோக்தான் சிறந்தது” என்று அடித்துச் சொன்னால் அது அவருடைய துப்பாக்கிக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சேர்க்கைக்குக் குறைந்தது மூன்று தாள் சுடாமல் முடிவுக்கு வரவும் வேண்டாம்.

ரவை எண்ணில் ஒரு தலைகீழ் உண்டு: எண் பெரிதானால் ரவை சிறிது. 4ஆம் எண் ஈய ரவை ஓர் அவுன்ஸுக்கு 135 வாக்கில், 5ஆம் எண் 170, 6ஆம் எண் 225. ஆறுக்கு மாறினால் வட்டம் உடனே நிரம்பும், என் 0.66இல் 130ஐத் தாண்டியது. ஆனால் ஒவ்வொரு ரவையும் இலேசு, தூரத்தில் துளைக்கும் வலு குறைவு. 35 கஜத்துக்குள் சுடுகிறவருக்கு ஆறு அருமையானது. நான் ஐந்திலேயே இருக்கிறேன். மிசூரியில் 4ஐ விடப் பெரிய ரவைக்கு அனுமதியில்லை; உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டங்ஸ்டன் ரவை பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். டிஎஸ்எஸ் (டங்ஸ்டன் சூப்பர் ஷாட்) என்கிற வகையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 18 கிராம், ஈயத்துக்கு 11 சொச்சம். அதனால் 9ஆம் எண் போன்ற பொடி ரவைகூட ஆழமாக இறங்கும். ஓர் அவுன்ஸில் 360 வரை அடங்கும். 20 கேஜ் என்கிற சிறிய குழல் துப்பாக்கியைக்கூட அது முழு வான்கோழித் துப்பாக்கியாக்கிவிடுகிறது. விலைதான் கசப்பு; ஒரு தோட்டாவே பத்து டாலர் ஆகிவிடும். குறியை மலிவுத் தோட்டாவில் சரிசெய்துவிட்டு, கடைசியில் இரண்டு மூன்று மட்டும் இதில் சுட்டு உறுதிசெய்யுங்கள். ஈயத்தைப் போல இது நசுங்கிக் கொடுக்காது, ஆகவே உங்கள் சோக் இதைத் தாங்குமா என்று அதோடு வந்த குறிப்பைப் படியுங்கள்.

சோக்கும் தோட்டாவும் முடிவானதும் 10, 20, 30, 40 கஜங்களில் ஒவ்வொரு தாள். இதில் 10 கஜத் தாளைத்தான் நான் வீட்டுச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறேன். குவியல் ஒரு சாத்துக்குடி அளவுதான். பக்கத்தில் வந்த பறவையைத் தவறவிட்டதாக எத்தனையோ பேர் புலம்பக் கேட்டிருக்கிறேன். அந்தத் தாளைப் பார்த்தால் ஏன் என்று புரியும். மறுபக்கம், எந்தத் தூரத்தில் வட்டத்துக்குள் நூறுக்குக் கீழே இறங்குகிறதோ அதற்கு அப்பால் சுடுவதில்லை. எனக்கு அது 40.

அலுப்பான விஷயங்கள் சில. கனத் தோட்டாவின் உதை மோசமானது. ஆறேழுக்கு மேல் போனால் விசையை இழுக்கும் முன்பே தோள் சுருங்கும், அப்புறம் தாள் பொய் சொல்லும். தோளுக்கும் கட்டைக்கும் நடுவே மடித்த துண்டு வையுங்கள், குழல் ஆறட்டும். தோட்டாவுக்குள் ரவையைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம் உரசி சோக்கின் உள்ளே மெல்லிய படலமாக ஒட்டும். பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

சோக்கைக் கழற்றுவதும் மாட்டுவதும் துப்பாக்கி காலியாக, தோட்டா உட்காரும் அறை திறந்திருக்கும்போது மட்டும். கடைசிவரை திருகி இறுக்கிய பிறகு, சோக்கின் விளிம்பிலிருந்து குழல்மேல் வரை ஒரே கோடாக நெயில் பாலிஷ் இழுத்துவிடுவேன். போன ஏப்ரலில் கரடுமுரடான பண்ணைப் பாதையில் முக்கால் மணி நேரம் ஆடிக்கொண்டு போய் இறங்கி, டார்ச் அடித்துப் பார்த்தால் குழலில் ஒரு சிவப்புத் துண்டு, சோக்கில் ஒரு சிவப்புத் துண்டு, நடுவே கால் சுற்று இடைவெளி. தோட்டா போடுவதற்கு முன் திருகி இறுக்கிக்கொண்டு மரத்தடிக்கு நடந்தேன்.