பயிர் சேத நிவாரணம்: நட்ட கையோடு தொடங்கிவிடும் தவறுகள்

டெல்டாவில் கார்த்திகை மழைக்குச் சம்பா மூழ்கினால் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று அறிவிப்பு வரும். பக்கத்து வயல்காரருக்குப் பணம் ஏறி நமக்கு ஏறாவிட்டால், காரணம் பெரும்பாலும் மழைக்கு முந்தியது.

முதலில் அடங்கல். எந்த சர்வே எண்ணில் யார் என்ன பயிர் எவ்வளவு பரப்பில் வைத்திருக்கிறார் என்று கிராமக் கணக்கில் ஏறும் பதிவு அது. பசலி, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, ஜூலை 1-ல் மாறிவிடும். போன பசலியின் நகலோடு இந்த வருடச் சேதக் கணக்கெடுப்பில் போய் நிற்பது பலரும் செய்யும் தவறு. நட்டு முடித்ததும் விஏஓவைப் பார்த்துப் புது அடங்கல் வாங்குங்கள். வாங்கியதை மடித்துப் பையில் போடாமல் படித்துப் பாருங்கள். 112/2 என்பது 112/3 என்று ஏறியிருந்தால் உங்கள் நெல் கணக்கில் அடுத்தவர் வயலில் நிற்கும்.

குத்தகைக்காரர் பாடு இன்னும் சிக்கல். உழுது நட்டவர் ஒருவர், பட்டா வேறொருவர் பெயரில். சாகுபடியாளர் என்று தன் பெயரை ஏற்றக் கேட்டால், நாளைக்கு உரிமை கொண்டாடுவாரோ என்று நிலக்காரர் தயங்குவார். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்தப் பேச்சை நடவு நேரத்திலேயே பேசிவிடுங்கள். தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாவையும் மழைக்காலத்துக்கு முன்பே மாற்றப் பாருங்கள்.

அடுத்து கணக்கு. 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நெல்லுக்கான நிவாரணம் ஹெக்டேருக்கு 13,500 ரூபாயிலிருந்து 17,000 ஆனது. ஊருக்குள் அந்தச் செய்தி வரும்போது ஏக்கருக்குப் பதினேழாயிரம் ஆகிவிடும்! ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர், அப்படியானால் ஏக்கருக்கு ஏழாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கான மாவுக்குக் கிட்டத்தட்ட இரண்டாயிரத்து முந்நூறு. அடுத்த சாகுபடிக்கான இடுபொருள் செலவுக்குக் கைகொடுக்கும் தொகை இது, முழு நஷ்டத்தையும் ஈடுகட்டாது. இதை நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள். சேதம் 33 சதவீதத்தை எட்டினால்தான் நிவாரணம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கணக்கெடுக்க வரும்வரை தண்ணீரை வடிக்காமல் வைத்திருப்பதும் தவறு. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து எடுக்கும் கணக்கு, பெரும்பாலும் வெள்ளம் வடிந்த பிறகுதான் நடக்கும். வரப்பும் அடையாளத்துக்கு ஒரு மரமோ மோட்டார் கொட்டகையோ தெரியும்படி, தேதியோடு படம் எடுத்துக்கொண்டு உடனே வாய்க்காலைத் திறந்துவிடுங்கள். மறுநடவுக்காக உழுவதை மட்டும் கணக்கெடுத்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

பயிர்க் காப்பீடு தனி. பிரீமியம் கட்டியவருக்கு அது. பெரும்பாலும் அந்தப் பகுதியின் அறுவடைப் பரிசோதனையை, அதாவது மாதிரி வயல்களை அறுத்துப் பார்க்கும் விளைச்சலை வைத்து இழப்பீடு தீர்மானமாகும். நிவாரணம் வந்துவிட்டது, காப்பீடு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அறுத்துக் காயப்போட்ட கதிர் மழையில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அப்புறம் வங்கிக் கணக்கு. ஆதார் இணைப்பு எந்தக் கணக்கில் இருக்கிறது, அது உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை கிளையில் கேட்டுவிடுங்கள். நிவாரணம் போட ஓடிபி சொல்லுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் பெயர் விட்டுப்போனால், டீக்கடையில் புலம்பிப் பயனில்லை. அடங்கல் நகல், வயல் படம் இரண்டையும் இணைத்துத் தாசில்தாரிடம் எழுத்து மூலமாக மனுக் கொடுங்கள். இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.