பாலியில் வடக்கு எந்தப் பக்கம்?

பயணக் கட்டுரைகளைத் திருத்தும் வேலையில் நான் அதிகம் அடித்து நீக்கிய சொற்கள் இரண்டு: "பாலி நாடு". பாலி இந்தோனேசியாவின் ஒரு மாகாணம், தலைநகர் தென்பாசார். பக்கத்தில் உள்ள நுசா பெனிடா போன்ற சிறு தீவுகளும் அதில் அடக்கம். இந்தத் தவறு வரைபடத்தைப் பார்த்தால் தீர்ந்துவிடும். "எல்லாம் நம் ஊர் போலவே" என்று எழுதுகிறார்களே, அதுதான் தீராத வியாதி.

திசையை எடுத்துக்கொள்ளுங்கள். பாலிக்காரர்கள் வழி சொல்லும்போது 'காஜா', 'கெலோட்' என்பார்கள். நாம் வடக்கு, தெற்கு என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். தென்பாசாரில் அது பொருந்தும். மலையைத் தாண்டி வடகரையில் உள்ள சிங்கராஜாவுக்குப் போனால் காஜா தெற்கே இருக்கும்! காஜா என்றால் மலைப்பக்கம், கெலோட் என்றால் கடல்பக்கம், அவ்வளவுதான். தீவின் நடுவே எரிமலைகள். அவற்றில் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஆகுங் மலைதான் ஆகப் புனிதம். வீட்டுக் கோயில் மலையும் சூரிய உதயமும் சேரும் மூலையில் இருக்கும். பன்றிக் கொட்டில் கடல்பக்கம். தெற்குப் பாலியில் அந்தக் கோயில் மூலையைப் பார்த்துவிட்டு, "ஈசானிய மூலை, நம் வாஸ்துதான்" என்று பூரித்தவர்கள் உண்டு. வடகரையில் அதே கோயில் நம் கணக்குப்படி அக்கினி மூலையில் இருக்கும்.

அடுத்தது பெயர். வாயான் என்பதைக் குடும்பப் பெயராக எண்ணி, "வாயான் குடும்பத்தினர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். வாயான் என்றால் முதல் பிள்ளை. இரண்டாவது மாடே, மூன்றாவது ஞோமான், நான்காவது கெதுத். ஐந்தாவது பிறந்தால் மறுபடியும் வாயான். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே பெயர்கள்தான். வடக்கே பெகாயாமான் என்ற ஊரில் முஸ்லிம்களும் இப்பெயர்களை வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே பெயரைக் கேட்டு மதத்தைத் தீர்மானிப்பதும் ஆபத்து.

மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள்தான். அதற்காகச் சைவச் சாப்பாட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். முழுப் பன்றியை மசாலா திணித்துச் சுட்ட 'பாபி குலிங்' அங்கே திருவிழா உணவு. கோயிலில் கருவறை மூர்த்தியைத் தேடியும் பயனில்லை. பத்மாசனம் என்னும் உயர்ந்த கல் இருக்கை காலியாகவே இருக்கும்; இறைவன் வந்து அமரும் இடம் அது.

டிக்கெட் எடுக்கும் முன் ஞெபி எந்த நாள் என்று பாருங்கள். அது பாலிக்காரர்களின் புத்தாண்டு, சக ஆண்டுக் கணக்கின்படி பெரும்பாலும் மார்ச்சில் வரும். புத்தாண்டு என்றதும் பட்டாசு, வாணவேடிக்கை என்று நினைக்க வேண்டாம். அன்று முழுக்க விளக்கில்லை, வேலையில்லை, தெருவில் ஆளில்லை. விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும். வெளியூர்க்காரர்களும் விடுதியை விட்டு வெளியே வரக்கூடாது.

நடக்கும்போது தரையைப் பார்த்து நடங்கள். கடை வாசலிலும் நடைபாதையிலும் உள்ளங்கை அகல ஓலைத் தட்டில் படையல் இருக்கும்: கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலமோ பச்சையோ, மேலே ஓர் ஊதுபத்தி, கொஞ்சம் சோறு. மிதிக்காமல் சுற்றிப் போங்கள். ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் தெருநாய் வந்து சோற்றைத் தின்னும். அதை யாரும் விரட்டுவதில்லை.