அப்சிசிக் அமிலம் இலைத்துளைகளைக் குறைக்கிறதா? எண்ணிப் பார்க்கும் முறை

அப்சிசிக் அமிலம் ஒரு தாவர ஹார்மோன். முளைத்து 4 நாளான அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடி) நாற்றுகளை 1 மைக்ரோமோலார் அப்சிசிக் அமிலம் கலந்த அகார் (கூழ் ஊடகம்) தட்டுக்கு மாற்றுங்கள். விதையிலேயே கொடுத்தால் முளைப்பு தடைபடும். முதிர்ந்த இலைக்குக் கொடுத்தால் துளைகள் மூடிக்கொள்ளுமே தவிர எண்ணிக்கை மாறாது. அமிலத்தை எத்தனாலில் கரைத்து, அகார் 50 டிகிரிக்கு ஆறியபின் சேருங்கள். அமிலம் சேர்க்காத ஒப்பீட்டுத் தட்டுக்கும் அதே அளவு எத்தனால் கட்டாயம்.

10 நாள் கழித்து, புதிதாக விரிந்த இலையின் அடிப்புறத்தில் நிறமற்ற நகப்பூச்சு தடவுங்கள். காய்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்து, அதில் பதிந்த துளைகளை நுண்ணோக்கியில் 400 மடங்கில் எண்ணுங்கள்.

சதுர மில்லிமீட்டர் கணக்கை மட்டும் நம்பவே கூடாது. இந்த ஹார்மோன் இலையையும் சிறுக்க வைப்பதால் துளைகள் நெருங்கித் தெரியும். துளைகளின் எண்ணிக்கையை, துளைகளும் மற்ற புறத்தோல் செல்களும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். அந்தக் குறியீடு இறங்கினால்தான் துளை உருவாவதே குறைந்திருக்கிறது.