புதுசா அசோசியேஷன் செகரெட்டரி ஆகிட்டீங்களா? முதல்ல கணக்கு நோட்ட எடுங்க

சென்னைல இருபது முப்பது வீடு இருக்குற அபார்ட்மென்ட்ல உங்கள செகரெட்டரி ஆக்கிட்டாங்கன்னு வச்சுக்குவோம். முதல் வாரமே லிஃப்ட் நின்னுடுச்சு, மோட்டார் ஓடல, பாத்ரூம் லீக்கேஜுன்னு ஆளாளுக்கு கதவ தட்டுவாங்க. அதெல்லாம் பாக்கணும்தான், ஆனா அதோட சேத்தே உக்காந்து கணக்க சரி பண்ணிடணும். வெளில பார்க்கிங் சண்டை, நாய் சண்டைன்னு தெரியும், கிளறிப் பாத்தா முக்காவாசி இடத்துல "நாங்க குடுத்த காசு எங்க போகுது"ங்கற கோவம்தான் அடில இருக்கும்.

பேங்க் அக்கவுண்ட் சங்கம் பேர்லதான் இருக்கணும். செகரெட்டரியோ ட்ரெஷரரோ தன்னோட சொந்த ஜிபேல மெயின்டனன்ஸ் வாங்குறது, எவ்ளோ நல்ல மனுஷனா இருந்தாலும் வேண்டவே வேண்டாம். செக்ல ரெண்டு பேர் கையெழுத்து. கைல ரொக்கமா குடுக்குற சின்ன செலவுக்கும் வவுச்சர்.

ஒவ்வொரு மாசமும் பத்தாம் தேதிக்குள்ள ஒரு பக்க கணக்கு நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுங்க. போன மாச இருப்பு, வசூல், எந்தெந்த ஃப்ளாட் பாக்கின்னு நம்பர் மட்டும், அப்புறம் காமன் ஈபி, வாட்ச்மேன் சம்பளம், கூட்டிப் பெருக்குறவங்க சம்பளம், தண்ணி லாரி எத்தன லோடு, லிஃப்ட் ஏஎம்சி (வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட்), ரிப்பேர், கடைசில இருப்பு. அந்த இருப்பு பாஸ்புக்கோட ரூபா சுத்தமா ஒத்துப்போகணும். கோடைல பெரிய செலவே தண்ணி லாரிதான், அதனால லாரி வந்த நேரம், எத்தன லிட்டர், சம்ப் எவ்ளோ ரொம்புச்சுன்னு வாட்ச்மேன் ஒரு நோட்டுல எழுதி டிரைவர்கிட்ட கையெழுத்து வாங்கி வைக்கட்டும், மாசக் கடைசில பில்லோட அந்த நோட்ட வச்சு சரிபாருங்க.

மெயின்டனன்ஸ் ஸ்கொயர் ஃபீட் கணக்கா, எல்லாருக்கும் சமமாங்கறது தீராத பஞ்சாயத்து. கிரவுண்ட் ஃப்ளோர்காரங்க "நான் லிஃப்ட்ல ஏறுறதே இல்லயே"ம்பாங்க. என்னக் கேட்டா வாட்ச்மேன், லிஃப்ட், பொது லைட்டு மாதிரி மாசச் செலவு சமமாவும், பெயின்டிங், மொட்டமாடி வாட்டர்ப்ரூஃபிங் மாதிரி பில்டிங் செலவு ஸ்கொயர் ஃபீட்லயும் பிரிக்கறதுதான் நியாயம். எதுவானாலும் பொதுக்குழுல பேசி, மினிட்ஸ்ல எழுதி, கையெழுத்து வாங்கிடுங்க, நடு வருஷத்துல மாத்தாதீங்க. வாட்ஸ்அப்ல தம்ஸ்அப் வந்துச்சுன்னு எதையும் முடிவா எடுத்துக்காதீங்க, குரூப் தகவல் சொல்றதுக்கு மட்டும். கார்ப்பஸ் பணத்த (பெரிய செலவுக்குன்னு சங்கம் சேத்து வச்சிருக்குற நிதி) மாசச் செலவுக்கு தொடவே கூடாது, எஃப்டில போட்டு வைங்க.

ஜிஎஸ்டின்னு பயமுறுத்துவாங்க. ஒரு ஃப்ளாட்டுக்கு மாசம் 7,500 ரூபாய்க்கு மேல மெயின்டனன்ஸ் இருந்து, சங்கத்தோட வருஷ வரவும் 20 லட்சத்த தாண்டினாதான் 18 சதவீதம், சின்ன பில்டிங்குக்கு அந்தக் கவலையே இல்ல.

பாக்கி வசூல்லதான் உங்க நிதானம் தெரியும். குரூப்ல பேர் போட்டு அசிங்கப்படுத்தாதீங்க, தண்ணிய நிறுத்துறேன்னு கிளம்பாதீங்க, அது அராஜகம், கோர்ட்டுக்குப் போனா உங்களுக்கு எதிராவே திரும்பும். நேர்ல போங்க. "சார், மூணு மாசம் நிக்குது, ஒரே தடவையா முடியலன்னா ரெண்டா பிரிச்சு குடுங்க, ரசீது உடனே போட்டுத் தர்றேன்"னு சொன்னா நிறைய பேர் குடுத்துடுவாங்க, வேலை போனது ஆஸ்பத்திரி செலவுன்னு ஏதாவது இருக்கும், அத நாலு பேர் முன்னாடி சொல்ல மாட்டாங்க. அப்பவும் நகரலன்னா லெட்டர், அதுக்கப்புறம் வக்கீல் நோட்டீஸ்.

எதுல விட்டுக்குடுத்தாலும் ஒண்ணுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க: செப்டிக் டேங்க்ல, எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) தொட்டில ஆள இறக்கக் கூடாது. விஷ வாயு ஒரு நிமிஷம் கூட டைம் தராது, காப்பாத்தப் போன ஆளும் சேந்து போயிடுவாங்க. பாதுகாப்பு கருவி இல்லாம ஆள இறக்குறத 2013 சட்டமே தடை பண்ணுது, சாக்கடைல இறங்கி இறந்தா குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடுன்னு சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபர்ல சொல்லிடுச்சு. மெஷின் லாரிய மட்டும் கூப்பிடுங்க. கான்ட்ராக்டர் "அஞ்சு நிமிஷ வேலை சார், பையன் இறங்கிடுவான்"னு சொன்னா வேலைய அங்கயே நிறுத்தி அனுப்பிடுங்க. நல்ல தண்ணி சம்ப் கழுவும்போதும் மூடிய முன்கூட்டியே திறந்து நல்லா காத்தோட விட்டு, மோட்டார் மெயின ஆஃப் பண்ணி, மேல ஒருத்தர் கண்டிப்பா நிக்கணும்.

புது பில்டிங்னா பில்டர் சாவி குடுத்த தேதிய குறிச்சு வைங்க. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி அஞ்சு வருஷத்துக்குள்ள வர்ற கட்டுமானக் குறைய, நீங்க தெரியப்படுத்தின 30 நாளுக்குள்ள அவங்க இலவசமா சரி பண்ணனும். போன்ல கத்திட்டு இருக்காம ஃபோட்டோவோட ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புங்க.

ரொம்ப பழைய பில்டிங்னா இன்னொரு விஷயம். 1994 சட்டத்துக்கு பதிலா வந்த தமிழ்நாடு அடுக்குமாடி குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்ல அமலுக்கு வந்துடுச்சு, இடிச்சு கட்டுறதுக்கு மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் இருந்தா போதும்னு ஆயிடுச்சு. அந்தப் பேச்சு வரும்போது பழைய மினிட்ஸ், கணக்கு, யாருக்கு எவ்ளோ யூடிஎஸ் (நிலத்துல பிரிக்கப்படாத பங்கு)னு எல்லாம் மேஜைக்கு வரும். இப்பவே ஒழுங்கா ஃபைல் பண்ணுங்க. சங்கம் 1975 சங்கச் சட்டத்துல பதிவாகியிருந்தா வருஷாந்தர கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவாளர் ஆபீஸ்ல தாக்கல் ஆகியிருக்கான்னும் பாத்துடுங்க.

பதவி முடிஞ்சு அடுத்தவருக்குக் குடுக்கும்போது சும்மா சாவிக்கொத்த நீட்டாதீங்க. பில்டிங் பிளான், லிஃப்ட் லைசென்ஸ், ஏஎம்சி பேப்பர், எஃப்டி ரசீது, மினிட்ஸ் புக், பிளம்பர் எலக்ட்ரீஷியன் நம்பர் எல்லாம் லிஸ்ட் போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. ஈபி பில் மெசேஜும் பேங்க் ஓடிபியும் உங்க போனுக்கே வந்துட்டு இருக்கும், அத மாத்த பேங்க்ல பொதுக்குழு தீர்மான நகல் கேப்பாங்க, கூட்டம் நடந்த அன்னைக்கே ரெண்டு காப்பி எடுத்து சீல் போட்டு புது செகரெட்டரி கைல குடுத்துடுங்க.