யுக்கா நடலாம் வாங்க: முதலில் கடப்பாரை, அப்புறம்தான் செடி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசானில் வீடு வாங்கியதும் முன்பக்கத்துப் புல்தரையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு ஒரு சோப்ட்ரீ யுக்கா நட்டேன். கற்றாழை மாதிரி கூர்நுனி இலை உள்ள பாலைவனச் செடி அது. ஐந்து மாதத்தில் செத்தது. இரண்டாவதும் அதே இடத்தில் அதே மாதிரி போனது. மூன்றாவது இப்போது ஆறாம் வருடத்தில், இடுப்புக்கு மேல் வந்து நிற்கிறது. அந்த மூன்றாவதை நட்ட விதத்தைத்தான் எழுதுகிறேன். வருடத்துக்கு 11 அங்குலம் மழை பெய்கிற ஊர் இது. செடியைக் கொன்றது வறட்சியாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை, தண்ணீர்.

எந்தச் செடி

தண்டு விட்டு மரம் மாதிரி ஆக வேண்டுமென்றால் சோப்ட்ரீ யுக்கா. ஒல்லியான இலை, விளிம்பில் வெள்ளை நூல் பிரிந்து தொங்கும். வேரை இடித்தால் நம் பூந்திக்கொட்டை மாதிரி நுரைக்கும், 'சோப்பு மரம்' என்ற பெயர் அதனால்தான். இந்தப் பகுதியின் டொஹோனோ ஓதம் மக்கள் கூடை முடைவது இதன் இலையில். தரையோடு அடர்த்தியாக இருக்க வேண்டுமென்றால் பனானா யுக்கா. இலை தடிமன், ரயில் கற்றாழை மாதிரி முரட்டுத்தனம். காயைச் சுட்டுத் தின்னலாம்.

கடையில் 'ரெட் யுக்கா' என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது யுக்காவே இல்லை, தூரத்துச் சொந்தம். குத்தாது, சிவப்புப் பூவுக்குத் தேன்சிட்டு மாதிரி ஹம்மிங்பேர்டு வரும். சின்னப் பிள்ளைகள் ஓடுகிற வீட்டுக்கு நான் அதையே சொல்வேன். ஜோசுவா மரமும் யுக்காதான், ஆனால் அது மொஹாவி பாலைவனத்துக்காரர். டூசானில் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

பாலைவனத்தில் சும்மாதானே நிற்கிறது என்று தோண்டி எடுத்து வராதீர்கள். அரிசோனாவில் யுக்கா சட்டப்படி பாதுகாக்கப்பட்ட செடி, அனுமதியும் அடையாளச் சீட்டும் வேண்டும். சட்டம் கிடக்கட்டும், சோப்ட்ரீக்குப் பாதி உடம்பு மண்ணுக்குள் இருக்கிறது. வெட்டிக் கொண்டுவந்தால் பெரும்பாலும் பிழைக்காது. நாற்றங்காலில் தொட்டியிலேயே வளர்ந்த ஐந்து கேலன் செடி போதும். வாங்கும்போது தொட்டியின் தெற்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அதே பக்கம் தெற்கே வருகிற மாதிரி நட்டால் வெயிலில் இலை வெந்துபோவது குறையும்.

குழி

நான் இரண்டு செடியைத் தொலைத்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தோண்டும் முன் 811-ஐ அழைத்து மண்ணுக்கடியில் கேஸ், மின்சாரக் குழாய் எங்கே போகிறது என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். இலவசம்தான். அப்புறம் தோண்டுங்கள். ஒரு அடி வரை சுலபமாகப் போகும். திடீரென்று மண்வெட்டி 'ணங்' என்று எகிறும். கீழே பார்த்தால் பழைய சுவரின் சுண்ணாம்புக் காரை மாதிரி வெள்ளையாக ஒரு தளம். இங்கே இதைக் கலீச்சி என்பார்கள். நம் ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள் சொல்கிற சுக்கான் பாறையின் உறவு. மழை குறைவு என்பதால் மண்ணிலுள்ள சுண்ணாம்பு அடித்துக்கொண்டு போகாமல் கொஞ்சம் கீழே இறங்கி அங்கேயே காய்ந்து, ஆயிரக்கணக்கான வருடங்களில் சிமென்ட் போல் இறுகிவிட்டது. சந்தேகமிருந்தால் ஒரு துண்டை எடுத்து வினிகர் விடுங்கள், சோடா மாதிரி பொங்கும்.

முதல் தடவை அந்தத் தளம் வந்ததும் "சரி, ஆழம் போதும்" என்று நிறுத்தி, நல்ல கம்போஸ்ட் இரண்டு மூட்டை கொட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விட்டேன். நான் வெட்டியது குழி இல்லை, அண்டா. கீழே போக வழியில்லாத தண்ணீரில் வேர் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. மேலே இலை வெளிறியது, நான் தாகம் என்று நினைத்து இன்னும் விட்டேன். ஒருநாள் நடுக்குருத்தைத் தொட்டதும் கட்டோடு கையில் வந்துவிட்டது. அடியில் பழுப்பாகக் கொழகொழவென்று, அழுகின உருளைக்கிழங்கு நாற்றம்.

ஆகவே செடியை வாங்குவதற்கும் முன்னால் குழியை வெட்டி ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள், இரண்டாவது தடவைதான் உண்மையைச் சொல்லும். சாயங்காலம் நிரப்பியது மறுநாள் காலையிலும் நின்றால் அங்கே நடக்கூடாது, அல்லது தளத்தை உடைக்க வேண்டும்.

உடைக்க ஆறடிக் கடப்பாரைதான் என் தேர்வு. இரும்புக் கடையில் 'டிக்கிங் பார்' என்று கேளுங்கள். கூர்முனை உள்ளதை விட உளி மாதிரி தட்டை முனை உள்ளது நல்லது. முழுத் தளத்தையும் பெயர்க்கத் தேவையில்லை, குழியின் நடுவில் ஒரு ஓட்டை அடிமண் வரைக்கும் இறங்கினால் போதும். முதல்நாள் தண்ணீர் விட்டு ஊற வைத்துவிட்டு மறுநாள் குத்தினால் கை வலி பாதி. நான் வாடகைக்கு ஜாக்ஹாமர் எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு செடிக்கு அது வீண் செலவு.

(பின்சேர்க்கை: சாண்ட்லரிலிருந்து ஒரு வாசகர் இரண்டு அடி குத்தியும் தளம் முடியவில்லை, தண்ணீர் மூன்று நாளாக நிற்கிறது என்று எழுதியிருந்தார். அப்படியென்றால் குழியை மறந்துவிடுங்கள். அதே மண்ணோடு சரளை கலந்து ஒன்றரை அடி உயரத்துக்கு அகலமான மேடு போட்டு அதன் மேல் நடுங்கள். அவருடையது இப்போது நன்றாக இருக்கிறதாம்.)

நடுவது

மார்ச், ஏப்ரல் நல்லது. தவறினால் செப்டம்பர் கடைசி. நடைபாதையிலிருந்து ஐந்தடியாவது தள்ளி இருக்கட்டும்.

இலைகளைக் கூட்டிச் சேலை மடிப்பு மாதிரி பழைய துண்டால் சுற்றிக் கட்டுங்கள். கையுறையைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் கண்ணாடியைச் சொல்கிறேன். குனியும்போது இலை நுனி நேராகக் கண்ணுக்குத்தான் வரும். தோல் கையுறையையே அது துளைத்துவிடும்.

கம்போஸ்ட் வேண்டாம், உரம் வேண்டாம், தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். இலை தொடங்கும் கழுத்து தரைமட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே நிற்க வேண்டும், மண் அப்புறம் எப்படியும் இறங்கும். சுற்றிலும் சரளைக்கல் பரப்பலாம், மரப்பட்டை வேண்டாம்.

தண்ணீர்

நட்ட அன்று ஒரு தடவை நன்றாக. முதல் கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை, குழாயை மெதுவாக ஒழுகவிட்டு ஆழமாக. இரண்டாம் கோடையில் மாதம் ஒருமுறை, அதுவும் ஜூலையில் மழை தொடங்கிவிட்டால் வேண்டாம். மூன்றாம் வருடத்திலிருந்து மழை பார்த்துக்கொள்ளும். குளிர்காலத்தில் தொடவே தொடாதீர்கள்.

ஈரப்பதம் காட்டும் மீட்டரை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். மூன்றடி இரும்புக் கம்பி ஒன்றை மண்ணில் அழுத்துங்கள். ஈரம் இருக்கும் வரை இறங்கும், காய்ந்த இடத்தில் நிற்கும்.

அடியிலைகள் மஞ்சளாகிக் காய்ந்து பாவாடை மாதிரி தொங்குவது நோய் இல்லை. அழகுக்காக வெட்டாதீர்கள், தண்டுக்கு வெயிலும் பனியும் படாமல் காப்பது அதுதான்.

பூ வந்தது, காய் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு

காய் பிடிக்க யுக்காவுக்குப் பூச்சி வேண்டும். யுக்கா அந்து என்று ஒரு சின்ன வெள்ளைப் பூச்சி. பெண் பூச்சி மகரந்தத்தை உருண்டையாகத் திரட்டி இன்னொரு பூவுக்குக் கொண்டுபோய், சூலகத்தில் முட்டையிட்டுவிட்டு, அந்த மகரந்தத்தைச் சூல்முடியில் வைத்து அழுத்தும். புழு கொஞ்சம் விதையைத் தின்னும், மிச்சம் செடிக்கு. எங்கள் பனானா யுக்கா போன ஏப்ரலில் பூத்தபோது ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன், பூவுக்குள் இரண்டு உட்கார்ந்திருந்தன. காயில் சின்ன ஓட்டை இருந்தால் மருந்து அடிக்க ஓடாதீர்கள். அது புழு வெளியே போன வழி.

அந்தக் காயில் மிஞ்சிய கறுப்பு விதைகளை ஒரு நாள் ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் இருபது போட்டேன். மூன்று வாரத்தில் பதினொன்று முளைத்தன. முளைக்கும்போது அப்படியே புல் மாதிரி இருக்கிறது. இரண்டை நானே களை என்று பிடுங்கிவிட்டேன்.