வக்கீல் ஃபீஸ்: சதவீதம் எந்தத் தொகையில்?

சதவீத ஃபீஸுக்கு அனுமதி உள்ள நாடுகளில், விபத்து நஷ்டஈட்டு வழக்கில் கிடைக்கும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசும் வக்கீலிடம், கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: அந்தச் சதவீதம் செலவைக் கழிப்பதற்கு முன்பா, பின்பா? நஷ்டஈடு 10 லட்சம், கோர்ட் கட்டணம், மருத்துவ நிபுணர் அறிக்கை என்று செலவு 1 லட்சம், ஃபீஸ் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முன்பு கணக்கிட்டால் உங்கள் கைக்கு 6 லட்சம், பின்பு என்றால் 6 லட்சத்து 30 ஆயிரம். சதவீதம் என்னவோ அதேதான். பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள், வாய்ப்பேச்சு அப்புறம் உதவாது. மணிக்கணக்கிலோ மொத்தமாகவோ ஃபீஸ் வாங்குபவரிடம் இந்தக் கேள்விக்கு வேலையில்லை. ஆனால் இந்தியாவில், வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி, வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசவே கூடாது.