சுகாதாரப் பணியாளர் பயிற்சி: நாம் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள்

வீடு வீடாகப் போய்ப் பேசப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது நாம் செய்கிற பெரிய தவறு, அவர்களைச் சின்ன டாக்டர்களாக மாற்றப் பார்ப்பதுதான். அந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும், யார் வீட்டுக் கதவைச் சாயங்காலம்தான் தட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதைக் கேட்டு வாங்காமல் ப்ரொஜெக்டரைப் போட்டு நுரையீரல் படம் காட்ட ஆரம்பித்தால், மூன்றாம் நாளுக்குள் அவர்களும் நம்மைப் போலவே பேசத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் அந்தத் தெருவுக்கு அவர்கள் எதற்கு?

ஆள் எடுப்பதிலேயே கோளாறு தொடங்கிவிடும். சான்றிதழ் யாரிடம் அதிகம் என்று பார்த்து எடுத்துவிடுகிறோம். படிக்க எழுதத் தெரிய வேண்டும், சரி. ஆனால் அந்த மக்கள் அவரை வீட்டுக்குள் விடுவார்களா என்பது அதைவிட முக்கியம். திருமணம் ஆனவரா, ஆகாதவரா என்று பார்த்து எடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஆனாலும் நேர்காணலில் அந்தக் கேள்வி வந்து விழத்தான் செய்கிறது.

அடுத்தது, சொல்லிக் கொடுத்துவிட்டால் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. குழந்தைக்கு இருமல், நிமோனியாவாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மூச்சை எண்ண வேண்டும். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் 5 வயதுக்குள் என்றால் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. இதைப் பலகையில் எழுத இரண்டு நிமிடம் போதும், எல்லோரும் தலையாட்டியும் விடுவார்கள். நிஜத்தில் என்ன நடக்கிறது? குழந்தை அழுகிறது, சட்டையைத் தூக்கினால் இன்னும் அழுகிறது, ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் வயிற்றில், நடுவில் அம்மா ஏதோ கேட்கிறார், எண்ணிக்கை விட்டுப்போகிறது. அவசரத்தில் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கிவிடுகிறார்கள். கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது, கொஞ்சம் வேகமெடுக்கும், கொஞ்சம் தயங்கும், அதோடு எண்ணுவதில் ஒன்று தப்பினால் கணக்கில் நாலு தப்பும். குழந்தை அமைதியாகும்வரை காத்திருந்து முழு நிமிடம் எண்ணத்தான் வேண்டும். இதற்கு நிஜக் குழந்தைகளோடு ஒரு முழு நாள் ஒதுக்காத பயிற்சியை நான் பயிற்சி என்றே சொல்லமாட்டேன்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு சர்க்கரைக் கரைசலும் அப்படித்தான். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. வாயால் சொல்வார்கள், கரைக்கச் சொன்னால் உப்பைக் கூம்பாக அள்ளுவார்கள், உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. ஒருமுறை அவரவர் வீட்டு ஸ்பூனைக் கொண்டுவரச் சொன்னேன், மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை! இதற்கென்றே வரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கிற இடத்தில் அந்த பாக்கெட்டுதான் நல்லது. அதிலும் பாதியை ஒரு டம்ளரில் கொட்டிவிட்டு மீதியை மடித்து வைக்கிற பழக்கம் உண்டு. முழு பாக்கெட்டையும் அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும் என்பதைச் செய்யவைத்துக் காட்டுங்கள்.

“புரிந்ததா?” என்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் வராது. “வீட்டில் உங்கள் கணவருக்கு இதை எப்படிச் சொல்வீர்கள், சொல்லிக் காட்டுங்கள்” என்று கேட்டால்தான் எது போய்ச் சேரவில்லை என்பது தெரியும். வகுப்பில் நீங்கள் இதைச் செய்தால்தான் களத்தில் அவர்களும் செய்வார்கள்.

நலிந்த பிரிவினர் என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதும் பெரிய தவறு. தினக்கூலிக்குப் போகிறவரைக் காலை 11 மணிக்குத் தேடினால் பூட்டுதான் இருக்கும். பதிவேட்டில் “வீட்டில் இல்லை” என்று எழுதிவிட்டு வந்துவிடலாம், தவறு என்னவோ அவருடையது மாதிரி. காது கேட்காதவரிடம் பேசாமல் கூட வந்தவரிடமே பேசிக்கொண்டிருப்பது, வேறு மொழி பேசும் அம்மாவுக்கு அவருடைய எட்டு வயது மகனை வைத்துக் கருத்தடை பற்றி மொழிபெயர்ப்பது, இதெல்லாம் தினமும் நடக்கிறது. பயிற்சியில் ஒருவராவது இந்த மக்களிலிருந்தே வந்து, “எங்களிடம் இப்படிப் பேசாதீர்கள்” என்று நேராகச் சொல்லட்டும்.

ரகசியம் காப்பதை ஒரு ஸ்லைடில் முடித்துவிடாதீர்கள். காசநோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தில், இரண்டு வாரமாக இருமல் இருக்கிறதா என்று வாசலில் நின்று உரக்கக் கேட்டால் பக்கத்து வீட்டுக்கும் பதில் போய்விடும். வாரா வாரம் ஒரே வீட்டுக்கு அடையாள அட்டையோடு போனாலே ஊர் கணக்குப் போட்டுவிடும், அதனால் சுற்றியுள்ள நாலு வீட்டுக்கும் சேர்த்துப் போகப் பழக்குங்கள்.

“எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்” என்ற வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழக வையுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிறவரைவிட ஆபத்தானவர் கிடையாது. எந்த அறிகுறி வந்தால் எங்கே அனுப்ப வேண்டும், யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பது ஒரே தாளில் கையில் இருக்கட்டும்.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் சேவை மனப்பான்மையைப் பற்றி மட்டும் பேசுகிற பயிற்சியாளர்கள் தயவுசெய்து கொஞ்சம் அடங்குங்கள். வேலைக்கேற்ற ஊதியம் வேண்டும் என்பதும் அதே 2018 வழிகாட்டியில் இருப்பதுதான்.

கடைசியாக, சான்றிதழ் கொடுத்துக் குரூப் போட்டோ எடுத்ததோடு கழன்றுகொள்வது. முதல் மாதத்தில் மேற்பார்வையாளர் நாலு வீட்டுக்காவது கூடவே போக வேண்டும், பதிவேட்டைப் புரட்டிக் கையெழுத்துப் போட அல்ல. இரண்டடி பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். மூச்சு எண்ணும்போது கண் எங்கே இருக்கிறது, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாரா என்று கவனித்துவிட்டு, தெருமுனைக்கு வந்தபிறகு மட்டும் பேசுங்கள்.